70 வளைவில் ஏறும் பஸ் — புள்ளிப் படமா? கோட்டுப் படமா?

திண்ணனூர் நாடு கொல்லிமலையில் இருக்கிறது. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டினால் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றும்!

அந்தப் பாதையில் பஸ் ஏறுவதைப் போல அசையும் படம் ஒன்றை இணையத்தில் போடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் மெலிந்த இடத்திலும் அது செல்போனில் சட்டென்று வரவேண்டும். எப்படிப் போடுவது?

60 லட்சம் புள்ளி

ஒரு வழி, 'பிட்மேப்' என்னும் புள்ளிப் படம். அகலத்தில் 400 புள்ளி, உயரத்தில் 300 புள்ளி என்றால், ஒரு படத்துக்கு 1,20,000 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் நிறம் குறிக்கவேண்டும். படம் அசைய வேண்டுமே! வினாடிக்கு 10 படம் வீதம் 5 வினாடிக்கு 50 படம். ஆக 60 லட்சம் புள்ளி!

1987-ல் வந்த 'ஜிஃப்' இந்த ரகம். புள்ளிகளைச் சுருக்கித்தான் அடைக்கிறது. ஆனாலும் ஒரு படத்தில் 256 நிறத்துக்கு மேல் கிடையாது. பெரிதாக்கினால் வளைவெல்லாம் படிக்கட்டு ஆகிவிடும்.

மற்றொரு வழி, 'வெக்டர்' என்னும் கோட்டுப் படம். "இங்கே கோடு போடு, அங்கே வளை, அதன் மேல் பஸ்ஸை நகர்த்து" என்று கட்டளை மட்டும் போகிறது. வரைவது செல்போனின் வேலை. பணியாரத்தைச் சுட்டு அனுப்பாமல், செய்முறையை எழுதி அனுப்புவது மாதிரி! 70 வளைவுக்கும் சில ஆயிரம் எழுத்து போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கலையாது.

கோலத்துக்கு இலக்கணம்

நம் வாசல் கோலத்தையும் இப்படிக் கட்டளையாக எழுதலாம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்துக்குக் கம்ப்யூட்டர் இலக்கணம் வகுத்து, 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அப்படியானால் புள்ளிப் படம் எதற்கு? ஆகாய கங்கை அருவியைக் கோட்டில் எழுதிப் பாருங்கள், தெரியும்! நுரைக்கும் இலைக்கும் கோடு போட்டு மாளாது. கட்டளை மலை போலக் குவியும். பழைய செல்போன் வரைய முடியாமல் திணறும். அருவிக்குப் புள்ளிதான் சரி. பாதையைக் கோட்டிலும் அருவியைப் புள்ளியிலும் போட்டு, ஒரே பக்கத்தில் சேர்த்து வைக்கலாம்.

'ஃபிளாஷ்' போன கதை

கோட்டுப் படங்களை ஆடவைத்த 'ஃபிளாஷ்' ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. அது அடோபி என்ற ஒரே கம்பெனியின் சரக்கு. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு கம்பெனி கையை விரித்தது. அதை நம்பி வரைந்த படங்கள் இணையப் பக்கங்களில் ஓடாமல் நின்றன.

2001-ல் பொதுத் தரமாக வந்த 'எஸ்.வி.ஜி.' அப்படி ஒருவர் கையில் இல்லை. அந்தக் கட்டளைகளை யாரும் திறந்து படிக்கலாம். நாளைக்குப் பாதையில் ஒரு வளைவு மாறினால், அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். 50 படத்தையும் மறுபடி வரைய வேண்டியதில்லை!