எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன? ஒரு விஞ்ஞானியின் மதிப்பை ஒரே எண் சொல்லிவிடுமா?

'உலகின் டாப் 2% விஞ்ஞானிகள்' பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் வெளியானதும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வாழ்த்துச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். "எங்கள் பேராசிரியர்கள் இத்தனை பேர் இடம்பிடித்துள்ளனர்" என்று மாணவர் சேர்க்கை விளம்பரத்திலும் போட்டுவிடுவார்கள். சரி, ஒரு ஆய்வாளர் டாப்பா இல்லையா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

சைட்டேஷன் என்றால் என்ன?

ஒருவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையை, பின்னால் வரும் இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். தமிழில் மேற்கோள். நூறு பேர் குறிப்பிட்டால் நூறு சைட்டேஷன். அவ்வளவுதான்.

இதைப் பெரிய அளவில் தொகுக்கும் வேலையைத் தொடங்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு. 1964-ல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற தொகுப்பை அவரது நிறுவனம் வெளியிட்டது. ஒரு கட்டுரையை யார் யார் பயன்படுத்தினார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிப் பிடிக்க ஒரு வழி வேண்டும் என்பதே அவரது முதல் நோக்கம். தேடுவதற்காக வந்த கருவி, போகப் போக ஆட்களை எடை போடும் தராசாக மாறிவிட்டது.

எச்-இண்டெக்ஸ் கணக்கு எப்படி?

2005-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் இந்த அளவுகோலை முன்வைத்தார். கணக்கு ரொம்ப எளிது.

ஒரு ஆய்வாளர் 5 கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு வந்த மேற்கோள்கள் முறையே 40, 12, 7, 4, 1. இதில் குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. ஆக, அவரது எச்-இண்டெக்ஸ் 4. அது 5 ஆக வேண்டுமென்றால் ஐந்து கட்டுரைகளும் தலா 5 மேற்கோளாவது பெற்றிருக்க வேண்டும்.

இன்னொருவர் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரைதான் எழுதினார், அதை 5,000 பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றால்? அவரது எச்-இண்டெக்ஸ் வெறும் 1. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஹிக்ஸுக்கு வேலை கிடைத்திருக்குமா?

'ஹிக்ஸ் போசான்' துகளுக்குப் பெயர் தந்த பீட்டர் ஹிக்ஸ், 1964-ல் அது பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இரண்டே பக்கம். தனி ஆளாக எழுதியது. அதற்குப் பிறகு அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. 2012-ல் அந்தத் துகள் கண்டுபிடிக்கப்பட்டது, 2013-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கல்வி உலகில் தனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று அப்போது ஒரு பேட்டியில் அவரே சொன்னார்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. அதே துகளின் நிறையை அளந்து 2015-ல் வெளியான கட்டுரையில் ஆசிரியர்கள் எண்ணிக்கை 5,154. சாதாரண எச்-இண்டெக்ஸ் கணக்கில் அந்தக் கட்டுரைக்கு வரும் மேற்கோள்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறும். தனியாக உழைத்தவருக்கும் 5,154 பேரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

மேற்கோள் என்றாலே பாராட்டா?

இல்லை. எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை 'தி லான்செட்' இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. ஆனாலும் அது ஏராளமான மேற்கோள்களைப் பெற்ற கட்டுரை. "இது தவறு" என்று எழுதினாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடத்தான் செய்யும்.

எண்ணை ஏமாற்ற முடியுமா?

முடியும். 2010-ல் பிரான்ஸைச் சேர்ந்த சிரில் லபே என்ற கணினி ஆய்வாளர் அதைச் செய்தே காட்டினார். 'ஐக் அன்ட்கேர்' என்று இல்லாத ஒரு விஞ்ஞானியைப் படைத்து, மென்பொருளை வைத்து அர்த்தமே இல்லாத சுமார் நூறு கட்டுரைகளைத் தயாரித்து, ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்தார். கூகுள் ஸ்காலரைக் கொண்டு கணக்கிட்டபோது அந்த 'விஞ்ஞானி'யின் எச்-இண்டெக்ஸ் 94. ஐன்ஸ்டைனையே முந்திவிட்டது!

நிஜத்தில் நடப்பது இதைவிடச் சாதாரணமாக இருக்கும். தன் கட்டுரையையே தான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது, 'நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்' என்று கூட்டணி வைப்பது, உழைக்காதவர் பெயரையும் ஆசிரியராகச் சேர்ப்பது, காசு கொடுத்துக் கட்டுரை வாங்குவது என்று வழிகள் பல.

ஏன் இந்த அவசரம்?

வேலையும் பதவி உயர்வும் இதில் தொங்குகின்றன. யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, பல்கலைக்கழகத்தில் நேரடி நியமனத்துக்கு இணைப் பேராசிரியர் என்றால் குறைந்தது 7 ஆய்வு வெளியீடுகள், பேராசிரியர் என்றால் 10. "எத்தனை பேப்பர் போட்டாச்சு?" என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் சகஜமாக ஒலிப்பதன் பின்னணி இதுதான்.

டாப் 2% பட்டியல் யாருடையது?

இது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தரும் விருது அல்ல. அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு, எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவுகளைக் கொண்டு தயாரிக்கும் தரவுத்தொகுப்பு. எச்-இண்டெக்ஸை மட்டும் நம்பாமல், கட்டுரையில் எத்தனை ஆசிரியர்கள், பெயர் முதலில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து 6 அளவீடுகளில் மதிப்பெண் போடுகிறார்கள். சுய மேற்கோளை நீக்கியும் கணக்கு காட்டுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று வாழ்நாள் பணிக்கானது. மற்றது ஒரே ஓர் ஆண்டில் வந்த மேற்கோள்களுக்கானது. வாழ்த்துச் செய்தியில் எந்தப் பட்டியல் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ் ஆய்வாளர்கள் எங்கே?

மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்கு மேற்கோள்கள் மளமளவென்று குவியும். கணிதத்தில் மெதுவாக வரும். இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் முக்கியமான பணிகள் பெரும்பாலும் புத்தகமாகத்தான் வருகின்றன. தமிழில் வரும் ஆய்வு நூல்களும் இதழ்களும் சர்வதேசத் தரவுத்தளங்களில் மிகக் குறைவு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். இன்றுவரை தமிழாய்வுக்கு அவை அடித்தளம். ஆனால் அந்த உழைப்பை அளக்க எச்-இண்டெக்ஸில் இடமே இல்லை.

மாற்று வழி உண்டா?

ஆய்வை அது வெளியான இதழின் பெயரால் எடைபோடாமல், அதன் உள்ளடக்கத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் ஒரு பிரகடனத்தை உருவாக்கினார்கள். கட்டுரைகளுக்குப் பரிசுப் பணம் தருவதை நிறுத்தும்படி 2020-ல் சீன அரசு தன் பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னது. அதே ஆண்டில் ஹிர்ஷ், தான் உருவாக்கிய அளவுகோல் எதிர்பாராத மோசமான விளைவுகளையும் தருகிறது என்று எழுதினார்.

பி.எச்டி. சேரப் போகிறீர்களா?

நெறியாளரின் எச்-இண்டெக்ஸை கூகுள் ஸ்காலரில் யாரும் பார்க்கலாம். பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். அவரை அதே துறையில், அதே அனுபவமுள்ளவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஓர் ஆண்டில் வழக்கத்துக்கு மாறாக ஐம்பது, நூறு கட்டுரைகள் தெரிந்தால் ஏன் என்று விசாரியுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா என்று தேடுங்கள். அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். முக்கியமாக, அவரது சிறந்த கட்டுரைகளில் இரண்டையாவது உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் நீங்கள் வேலை செய்யப்போவது அந்த மனிதரோடுதான்.