ரிமோட் கைவிட்ட பேட்டரியில் ஒரு விளக்கு

டிவி ரிமோட் மக்கர் செய்தால் நம் வீடுகளில் நடக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். முதலில் அதன் முதுகில் இரண்டு தட்டு. கேட்கவில்லை என்றால் பேட்டரிகளைக் கட்டைவிரலால் உருட்டிவிடுவது, இடம் மாற்றிப் போடுவது. அதற்கும் மசியாவிட்டால் மொட்டைமாடி வெயில். என் தாத்தா டார்ச் லைட் கட்டைகளை ஓட்டின் மேல் வடகம் மாதிரி வரிசையாகக் காயப்போடுவார். பல்லால் கடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்; அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது தோலையே அரிக்கும் காரம். வெயில் வைத்தியத்தில் கொஞ்சம் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. சூட்டில் உள்ளே நடக்கும் ரசாயன வினை வேகமெடுக்கும், ரிமோட் இன்னும் இரண்டு நாள் ஓடும்.

அதாவது, தூக்கிப் போடப்போகும் பேட்டரிக்குள் இன்னும் சரக்கு இருக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 1.1 வோல்ட் காட்டும். புதிதாக வாங்கும்போது அது 1.5. இந்த மிச்சத்தைக் கொண்டு வீட்டில் கிடைக்கும் சாமான்களிலேயே ஒரு குட்டி எல்இடி விளக்கு செய்யலாம். ஆனால் பேட்டரியையும் எல்இடியையும் நேராக இணைத்தால் ஒன்றும் நடக்காது. புதுப் பேட்டரியை வைத்தாலும் வெள்ளை எல்இடி எரியாது.

காரணம் எல்இடியின் குணம். பழைய குண்டு பல்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அதற்கேற்ப மினுக்கவாவது செய்யும். உள்ளே இருப்பது சூடாகும் கம்பி, அவ்வளவுதான். எல்இடிக்குள் கம்பி இல்லை. இரண்டு வகைக் குறைக்கடத்திகள் ஒட்டியிருக்கும் ஒரு சந்தி இருக்கிறது. எலக்ட்ரான் அந்தச் சந்தியைக் கடந்து மறுபக்கத்தில் விழும்போது இழக்கும் ஆற்றல்தான் ஒளி. என்ன நிறம் என்பதை அந்த விழுகையின் உயரம் தீர்மானிக்கிறது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்துக்கு 3 வோல்ட் வேண்டும். வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடி பூசியது, ஆகவே அதற்கும் அதே 3 வோல்ட். இந்த நீலத்தைப் பிரகாசமாக வரவழைக்க முப்பது வருடம் ஆனது. 1962-ல் நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்இடி செய்துவிட்டார். ஜப்பானில் பிரகாசமான நீலம் வந்தது 1990களில். அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி: 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றை எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே செருகுங்கள். நீளமான கால் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். உடனே எரியும், ஐந்து வயதுக் குழந்தையும் செய்துவிடலாம். ஆனால் அந்தக் குழந்தையின் கையில் பட்டன் பேட்டரியைத் தரக் கூடாது. விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாயை அரித்துவிடும். இன்னொன்று, பட்டன் பேட்டரியால் நிறைய மின்னோட்டம் தர முடியாது என்பதால்தான் எல்இடி பிழைக்கிறது. இதே தைரியத்தில் 9 வோல்ட் பேட்டரியை நேராக மாட்டினால் கண்ணை ஒருமுறை சிமிட்டிவிட்டுக் கருகிவிடும். அதற்கு நடுவில் 330 ஓம் மின்தடை ஒன்று போட வேண்டும்.

சரி, 1.1 வோல்ட்டை 3 வோல்ட் ஆக்குவது எப்படி? வேகமாகத் தண்ணீர் கொட்டும் குழாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் ‘டொம்’ என்று குழாய் அதிரும். ஓடிவந்த தண்ணீர் நிற்க மனமில்லாமல் முட்டும் அடி அது. ஒரு கணத்துக்கு அந்த அழுத்தம் மேல்தொட்டி தரும் அழுத்தத்தைவிட அதிகம். இந்த அடியையே வேலை வாங்கி, மோட்டார் இல்லாமல் ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்புகள்கூட உண்டு. அங்கே வரும் தண்ணீரில் கொஞ்சம்தான் மேலேறும், மீதி வழிந்துபோகும்.

ஒரு வளையத்தில் சுற்றிய கம்பிச் சுருளும் இப்படித்தான். அதில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் சுருள் அதை விடாமல் தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலில் வோல்ட் எகிறும். எகிறியது எல்இடி வழியாகப் பாயும். குழாயைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் ஒரு டிரான்சிஸ்டர். அதைத் தட்டி எழுப்ப அதே வளையத்தில் இரண்டாவது சுருள். முதல் சுருளில் மின்னோட்டம் ஏறும்போது இரண்டாவது சுருள் டிரான்சிஸ்டரை ‘திற, திற’ என்று தூண்டும். ஏற்றம் நின்றவுடன் தூண்டலும் நிற்கும், டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளும், எல்இடி ஒருமுறை மின்னும். பிறகு முதலிலிருந்து. ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை இது நடப்பதால் நம் கண்ணுக்கு விளக்கு விடாமல் எரிவதாகவே தெரியும்.

தத்துவம் பழையது. ஒற்றை பேட்டரியில் எல்இடி எரிக்க இதை எளிமையாக்கி 1999-ல் கபார்னிக் என்பவர் பிரிட்டனின் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் எழுதினார். பிறகு கிளைவ் மிட்செல் வைத்த பெயர்தான் உலகம் முழுக்க நின்றது: ஜூல் தீஃப். ஜூல் என்பது ஆற்றலின் அலகு, ஆகவே ஜூல் திருடன். தேவ் ஆனந்தின் ‘ஜுவல் தீஃப்’ பார்த்த தலைமுறைக்குச் சிலேடையை விளக்க வேண்டியதில்லை.

சாமான்களுக்கு வருவோம். செத்துப்போன கம்ப்யூட்டர் மானிட்டரின் கேபிளில் ஒரு முனைக்கருகே பாம்பு எலி விழுங்கியதுபோல் ஒரு புடைப்பு இருக்கும். கேபிளை வெட்டி அந்தப் பிளாஸ்டிக்கை உடைத்தால் கருப்பாக ஒரு குழல் கிடைக்கும். அது ஃபெர்ரைட், நமக்கு வேண்டிய வளையம். சிஎஃப்எல் பல்புக்குள்ளும் சின்ன வளையம் உண்டு. ஆனால் அதன் கண்ணாடி உடைந்தால் பாதரச ஆவி வரும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. கம்பிக்கு லேன் கேபிள். உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியே வைத்திருப்பார்கள். பச்சையும் பச்சைக்கோடு போட்ட வெள்ளையுமாக ஒரு ஜோடி இரண்டு முழம் போதும். கடையில் வாங்க வேண்டியவை மூன்றே: வெள்ளை எல்இடி, பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் மின்தடை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஜோடிக் கம்பியை வளையத்துக்குள் நுழைத்துப் பத்துச் சுற்று சுற்றுங்கள். இப்போது தொடக்கத்தில் இரண்டு நுனி, முடிவில் இரண்டு நுனி. பச்சையின் தொடக்கத்தையும் வெள்ளையின் முடிவையும் சேர்த்து முறுக்கினால் அது பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். மீதியிருக்கும் வெள்ளை நுனி இடது காலுக்கு, பச்சை நுனி மின்தடை வழியாக நடுக் காலுக்கு, பேட்டரியின் மைனஸ் வலது காலுக்கு. எல்இடியின் நீளக் கால் டிரான்சிஸ்டரின் இடது காலோடும், குட்டைக் கால் வலது காலோடும் சேரும். சால்டரிங் தெரியாதவர்கள் முறுக்கி டேப் ஒட்டினாலும் வேலை செய்யும்.

எரியவில்லையா? பத்துக்கு ஒன்பது முறை பச்சைக் கம்பியின் இரண்டு நுனிகளும் மாறிப்போயிருக்கும். திசை மாறினால் இரண்டாவது சுருள் ‘திற’ என்பதற்குப் பதில் ‘மூடு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். நான் முதல் முறை செய்தபோது ஒரு மாலை முழுக்க டிரான்சிஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு இங்கேதான் இருந்தது.

பெயர் திருடன் என்றாலும் இந்தச் சுற்று எதையும் புதிதாகக் கொண்டுவருவதில்லை. வோல்ட் ஏறும் அளவுக்கு மின்னோட்டம் குறையும், நடுவில் கொஞ்சம் வீணாகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல அல்கலைன் ஏஏ பேட்டரியில் ஏறக்குறைய 10,000 ஜூல் ஆற்றல் இருக்கும். ரிமோட் கைவிடும்போது ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று வைத்தால் 2,000 ஜூல். விளக்கு மங்கலாக, பேட்டரியிலிருந்து 30 மில்லிவாட் எடுத்து எரிந்தால் சுமார் 18 மணி நேரம். படிக்கவெல்லாம் அந்த வெளிச்சம் போதாது. ராத்திரி கரண்ட் போனால் தீப்பெட்டி தேட, சாவித் துவாரம் பார்க்கப் போதும். ஓட்டை போட்ட கொட்டாங்குச்சிக்குள் வைத்தால் சுவரில் புள்ளிப் புள்ளியாக அழகாக விழும். தினம் இரண்டு மணி நேரம் ஏற்றினால் ஒரு நவராத்திரி முழுக்கக் கொலுப்படியில் எரியும், அதுவும் வீட்டு மின்சாரத்தைத் தொடாமல். அந்தப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். இந்த விளக்கைச் சுவர் பிளக்கில் இணைக்கும் யோசனை யாருக்கு வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

பேட்டரி சுமார் 0.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது டிரான்சிஸ்டரால் விழிக்க முடியாது, விளக்கு அணையும். அப்போதே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அந்த நிலையில் விட்டுவைத்தால் ஒழுகி, நீங்கள் கஷ்டப்பட்டு முறுக்கிய கம்பியெல்லாம் பச்சை பூத்துவிடும்.