மரத்திற்கும் நோய் வருமா?

செங்காங் ஆற்றோரப் பூங்காவில் நடப்பவர்கள் மர நிழலில் சற்று இளைப்பாறுவதுண்டு. வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் மரங்களுக்கு என்ன குறை வந்துவிடும் என்று நாம் நினைக்கலாம். ஆனால், மனிதர்களைப் போலவே மரங்களும் நோய்வாய்ப்படுகின்றன.

மரநோய்கள் பலவற்றுக்குப் பூஞ்சைகளே காரணம். சில பூஞ்சைகள் பட்டையில் உள்ள காயத்தின் வழியாக நுழைகின்றன. அவ்விடம் கறுத்து, வெடித்து, புண்ணாகிறது. வேறு சில, மரத்தினுள் நீர் செல்லும் நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன. அப்போது வேரில் நீர் இருந்தும் இலைகள் வாடுகின்றன. இதுவே வாடல் நோய்.

சிங்கப்பூரின் அங்சானா மரங்கள் இந்நோய்க்கு ஆளாயின. அங்சானா, தமிழ்நாட்டின் வேங்கை மரத்திற்கு உறவான மரம். அதன் பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டு விரைவில் நிழல் தரும். அதனால், 1967இல் தோட்ட நகரத் திட்டம் அறிமுகமான பிறகு, சாலையோரங்களில் அது வரிசை வரிசையாக நடப்பட்டது. 1980களில் வாடல் நோய் பரவியதால் நூற்றுக்கணக்கான அங்சானா மரங்களை இழக்க நேரிட்டது.

நோய் எப்படிப் பரவியது? சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி இடிக்கிறது. மின்னல் தாக்கிய மரம் வலுவிழக்கிறது. அத்தகைய மரத்தைத் துளைவண்டுகள் நாடி வருகின்றன. அவை தண்டைத் துளைக்கும்போது, ‘பியூசேரியம்’ என்னும் பூஞ்சையும் உள்ளே சென்றுவிடுகிறது. பக்கத்திலும் அதே வகை மரங்கள் நின்றதால் நோய் எளிதாகத் தாவியது.

நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்றுவது மிகக் கடினம். எனவே, அதை உடனே வெட்டி அகற்ற வேண்டும். வெட்டிய மரத்தை அங்கேயே போட்டுவைத்தால், அதிலுள்ள வண்டுகள் அடுத்த மரத்திற்குச் சென்றுவிடும். அருகிலுள்ள மரங்களுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதும் பயன்தரும்.

இவை எல்லாவற்றையும்விட வருமுன் காப்பதே சிறந்தது. ஒரே வகை மரத்தை எங்கும் நட்டால், ஒரு நோயே அனைத்தையும் அழித்துவிடக்கூடும். பலவகை மரங்களைக் கலந்து நட்டால், ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை நிழல் தரும். இன்று நம் சாலைகளிலும் பூங்காக்களிலும் பலவகை மரங்கள் வளர்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரங்களைக் காப்பதில் மாணவர்களுக்கும் பங்குண்டு. பட்டையில் பெயரைச் செதுக்குவதும் ஆணி அடிப்பதும் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். ஒரு கிளையின் இலைகள் மட்டும் திடீரென மஞ்சளாவதையோ, அடிமரத்தில் மெல்லிய மரத்தூள் உதிர்ந்திருப்பதையோ கண்டால் தேசியப் பூங்காக் கழகத்திடம் தெரிவிக்கலாம். மரத்தால் பேச முடியாது. அதன் நோயை நம் கண்கள்தாம் கண்டுசொல்ல வேண்டும்.