மருந்து முடிந்தும் மூச்சு வாங்குகிறதா?

லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த பேராக் ஊர் காம்பார். சுரங்கத் தொழிலுக்கும் காசநோய்க்கும் நெடுநாள் உறவு உண்டு. பாறையைக் குடையும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்துவிட்டால், காசநோய்க் கிருமி அங்கே எளிதில் காலூன்றிவிடும். நோய் குணமான பிறகு நுரையீரல் என்ன ஆகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களும் சுரங்கத் தொழிலாளர்களே.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த 27,660 பேரின் மூச்சுத்திறனை அலசிய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. ஒரு முறை காசநோய் வந்து போனவர்களில் 18 விழுக்காட்டினருக்கு மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்திருந்தது. இரண்டு முறை வந்தவர்களில் 27 விழுக்காடு; மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 35 விழுக்காடு. நோய் கண்டறிந்த முதல் ஆறு மாதங்களில்தான் இழப்பு அதிகம். ஓராண்டுக்குப் பிறகு அந்த இழப்பு அப்படியே நிலைத்துவிட்டது.

இந்தச் சேதத்தில் பெரும்பங்கு நம் உடம்பே செய்வது. கிருமியை எதிர்த்துத் திரளும் வெள்ளணுக்கள் என்சைம்களைச் சுரக்கின்றன. நுரையீரலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகளை அவை அரித்து, குழி பறித்துவிடுகின்றன. தீயணைக்க வந்தவர்கள் சுவரையும் இடித்துவிட்டுப் போன கதைதான். மாத்திரை கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. சுருங்கிய தழும்பு மூச்சுக்குழாய்களை இழுத்து அகலமாக்க, அங்கே சளி தேங்கி அடிக்கடி தொற்று உண்டாகும்.

உடம்பின் இந்த எதிர்ப்பால் எழும் அழற்சியையே அடக்க முடியுமா? சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே நோயைக் குணமாக்கலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் அதே மையம், வழக்கமான மருந்துகளோடு இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மினையும் சேர்த்து 322 பேரிடம் சோதித்தது. சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை. ஆனால் அழற்சி தணிந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரைவாகத் தெளிந்தது. சிங்கப்பூரில் 30 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், டாக்ஸிசைக்ளின் மருந்து அந்த அரிக்கும் என்சைம்களைக் குறைத்தது. இரண்டுமே இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. இனிப்புநீர் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

இப்போதே கைகொடுப்பவை வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியையும் எக்ஸ்ரேயையும் பார்த்துவிட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழியைப் பெரிதாக்கலாம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து என்ற வழக்கமான சிகிச்சையை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். திரும்பும்போதெல்லாம் மூச்சு குறையும். சிகரெட்டை விட வேண்டும். இனிப்புநீரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

கிருமி நீங்கியபின் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை உண்டு. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயில் ஒரே மூச்சாக ஊத வேண்டும். முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு, நுரையீரல் எவ்வளவு தப்பியது என்பதைச் சொல்லிவிடும். குறைவு தெரிந்தால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சுவாசப் பயிற்சியும் உதவக்கூடும்.

பேராக்கிலோ வேறெங்கோ காசநோய் மாத்திரையை முடிக்கப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், கடைசி நாளன்று டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: “சளி சரி, ஊதிப் பார்க்க வேண்டாமா?”