கணக்கு டேலி ஆகுமா சார்?

காஞ்சிபுரத்துத் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் யாரையும் திட்டுவதில்லை. பிணைத்துவிட்டு நாடாவை அடுத்த பக்கம் தள்ளுகிறார். நமக்கோ மேனேஜர் ஒரு மெமோ நீட்டினாலே நாலு நாள் தூக்கம் போச்சு!

எங்க ஆபீஸில் ஒரு கிறிஸ்தவ நண்பர். ஆடிட் நாளில்கூட அரை நிமிஷம் கண்மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஃபைலைத் தொடுவார்.

"கடவுள் வந்து கணக்கை டேலி பண்ணிடுவாரா சார்?" என்று சீண்டினேன். சிரித்துக்கொண்டே வேலூர் டாக்டரம்மா ஒருவரின் கதையைச் சொன்னார்.

டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை. 1954-ல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. கைகள் மிச்சமிருந்தன. அவற்றைக் கடவுளிடம் ஒப்படைத்தார். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்! அப்புறம் அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கான துறைக்கே தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ.

கடைசிவரை அவர் கால்கள் திரும்பவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. விசுவாசம் கஷ்டத்தைத் துடைத்துவிடவில்லை. போனதை எண்ணி அழாமல், இருப்பதை வைத்து வேலையைத் தொடங்கும் நிதானத்தைத் தந்தது.

"ஜெபம் கணக்குப் போடாது சார். போடற கை நடுங்காம பார்த்துக்கும்!" என்றார் நண்பர்.

நான் வரதராஜப் பெருமாள் கோஷ்டி. ஆனாலும் அந்த அரை நிமிஷத்தை அவரிடம் கடன் வாங்கிக்கொண்டேன். வட்டி கிடையாது... நீங்களும் வாங்கிப் பாருங்களேன்!