பசியாறும் முன் ஒரு நன்றி

2014 முதல் 2024 முடிய ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, அரசு அலுவலகம் உண்டு. 2025 ஜனவரி 1 அன்றுதான் ஞாயிறு விடுமுறை திரும்பியது. ஞாயிறு ஆராதனையை மட்டும் நம்பிய பக்திக்கு அந்தப் பதினோரு ஆண்டுகள் கடினமானவை. வீட்டில் அன்றாடம் நடக்கும் ஜெபமே அப்போது கைகொடுத்திருக்கும்.

நன்றியும் அப்படித்தான். மனம் நிறைந்தால் தானாக வரும் என்று காத்திருந்தால் வாரக்கணக்கில் வராது. மார்ட்டின் லுத்தர் இதை அறிந்தவர். 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும், படுக்கும்போதும் சொல்ல வேண்டிய நன்றி ஜெபங்களை எழுதிவைத்தார். காலை ஜெபம் முடிந்ததும் சந்தோஷமாக வேலைக்குப் போக வேண்டும், இரவு ஜெபம் முடிந்ததும் கவலையின்றி உடனே தூங்க வேண்டும் என்றும் சொன்னார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார்.

கத்தோலிக்கருக்கு வேறொரு வழி உண்டு. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் 1548-இல் அச்சேறின. அதிலுள்ள ஆன்மச் சோதனைக்கு ஐந்து படிகள். முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவங்களை எண்ணிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். குற்ற உணர்வோடு தொடங்குகிறவர் சீக்கிரமே சோர்ந்துவிடுவார். இஞ்ஞாசியாரின் தோழர் புனித சவேரியார் முத்துக்குளித்துறைத் தமிழரிடையே உழைத்துவிட்டு 1545-இல் மலாக்கா வந்தார். இன்றைய ஜொகூர் கத்தோலிக்கர்கள் மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து லயங்களில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடினார்கள். இன்று தாமான் வீடுகளில் அதே இருட்டில் எழுந்து சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறார்கள். 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தை இப்போது நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். அந்த அவசரத்தில் குடும்பமாக உட்கார்ந்து காலை ஜெபம் செய்வது எல்லோருக்கும் முடியாது. பரவாயில்லை. குடிநுழைவுச் சாவடியில் மோட்டார் சைக்கிள் வரிசை நகரக் காத்திருக்கும் நேரம் போதும். எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு நன்றியை முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது.

பழைய சபைப் பெண்கள் அதை அடுப்படியிலேயே செய்தார்கள். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து ஊழியத்துக்கென்று தனியே வைப்பார்கள். இதே போன்ற வழக்கத்தை இந்தியாவின் மிசோரம் பெண்கள் 1910-இல் தொடங்கினார்கள், இன்னும் விடவில்லை.

எதற்கு நன்றி என்று தெளிவாகச் சொல்வதும் முக்கியம். தமிழ்ச் சபைகளின் ஸ்தோத்திரக் காணிக்கை உறையைப் பாருங்கள். பெயருக்கும் தொகைக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதுகிறார்கள்: மகளுக்கு வேலை கிடைத்தது, அப்பாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்து வெள்ளி வைத்தாலும் காரணம் உண்டு. 2003-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. பத்து வாரங்கள், வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து காரியங்கள் வரை மாணவர்கள் எழுதினார்கள். எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட இவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவு அதிகமாக இருந்தது.

துக்க வீட்டில் நன்றி சொல்வதை யார்மீதும் திணிக்கக் கூடாது. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம், அவையும் ஜெபங்களே. பிலிப்பியருக்கான கடிதத்தை நன்றியோடு தொடங்கிய பவுல், அதைக் காவலில் இருந்துகொண்டுதான் எழுதினார். தன் விலங்குகளையும் அதில் மறைக்கவில்லை.

பிள்ளைகளை நன்றி சொல்லப் பழக்க விரும்பும் பெற்றோர் இராச் சாப்பாட்டில் தொடங்கலாம். அன்று நடந்த, நன்றிக்குரிய ஒன்றை மட்டும் ஒவ்வொருவராகச் சொல்லட்டும். முதலில் அப்பா சொல்ல வேண்டும். அதுவும் சின்னதாக, மழைக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தேன் என்பது போல.