முதல் ரோபோ: எதை முதலில் கற்பது?

ரோபோ செய்யும் ஆசையோடு வருபவர்கள் பலர், மோட்டார், சென்சார், ப்ளூடூத் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூட்டிவிடுகிறார்கள். வண்டி நகராது. கோளாறு வயரிலா, நிரலிலா, பேட்டரியிலா என்றும் பிடிபடாது. ஒரு நேரத்தில் ஒன்று என்று பழகினால் இந்தத் திண்டாட்டம் இல்லை. சுவரைக் கண்டு விலகி ஓடும் இரண்டு சக்கர வண்டியை வைத்தே பார்ப்போம்.

போர்டு: ஆர்டுயினோ ஊனோ போதும். மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களையும் மனத்தில் வைத்து, 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவானது ஆர்டுயினோ. ஊனோவின் பழைய, பரவலான வடிவத்தில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட் இடம். நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகம் 2 கிலோபைட்தான். சின்ன வண்டிக்கு இது தாராளம். நிரலில் இரண்டு பகுதிகள்: 'செட்டப்' ஒரே ஒரு முறை ஓடும், 'லூப்' மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும்.

படி 1, விளக்கு: 13ஆம் பின்னோடு இணைந்த எல்இடி போர்டிலேயே இருக்கிறது, வயர் எதுவும் வேண்டாம். 'ப்ளிங்க்' என்ற மாதிரி நிரலை ஏற்றுங்கள். அதில் 1000 என்றிருப்பதை 200 ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டினால் கேபிள், போர்ட், மென்பொருள் மூன்றும் சரி. கணினி போர்டையே காட்டவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவு போகாது.

படி 2, சென்சார்: எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார், நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வர எத்தனை மைக்ரோ நொடி ஆனது என்று சொல்கிறது. ஒலி ஒரு மைக்ரோ நொடியில் சுமார் 0.034 செ.மீ. செல்லும். 1000 மைக்ரோ நொடி என்றால் 34 செ.மீ.; அது போய்வந்த தூரம். பாதியாக்கினால் சுவர் 17 செ.மீ. தள்ளி இருக்கிறது. இந்த எண்ணை 'சீரியல் மானிட்டர்' திரையில் வரவழைத்து, கையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்கேலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

படி 3, மோட்டார்: அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் அளவுக்கு எடுப்பதே பாதுகாப்பு. மஞ்சள் நிற கியர் மோட்டாருக்குச் சுமையில்லாமலேயே 100 மில்லிஆம்பியருக்கு மேல் வேண்டும். கிளம்பும்போது பல மடங்கு. நேரடியாகக் கொடுத்தால் சிப் வீணாகும். ஊனோவின் வேலை கட்டளையிடுவது; சக்தி தருவது மோட்டார் டிரைவரும் தனி பேட்டரியும். எல்298என் டிரைவர் தானே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கும் என்பதால், 6 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 4 வோல்ட்தான். பேட்டரி, டிரைவர், ஊனோ மூன்றின் 'கிரவுண்ட்' வயர்களையும் ஒன்றாக இணைக்க மறக்காதீர்கள். சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்குத் தாங்காது.

படி 4, இணைப்பு: இப்போது சென்சாரையும் மோட்டாரையும் ஒரே நிரலில் சேருங்கள். 'ப்ளிங்க்' நிரலில் காத்திருக்கச் சொன்ன 'டிலே' கட்டளை, இங்கே கண்ணை மூடிக்கொண்டு நடப்பது போன்றது. அந்த நேரத்தில் நிரல் சென்சாரைப் பார்ப்பதில்லை. நொடிக்கு 30 செ.மீ. ஓடும் வண்டி, ஒரு நொடி டிலேயில் 30 செ.மீ. போய்ச் சுவரில் மோதிவிடும். அதனால் 'மில்லிஸ்' மூலம் கடந்த நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு லூப்பிலும் தூரத்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு படியிலும் சரியாக ஓடிய நிரலைத் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். பிறகு ஏதாவது நின்றுபோனால், அந்தப் பகுதியின் நிரலை மட்டும் ஏற்றிப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இன்றைக்கு அந்த விளக்கைச் சிமிட்ட வையுங்கள். மோட்டார் வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.